பட் சீ இயூ நுவா: மாட்டிறைச்சியுடன் அகல அரிசி நூடுல்ஸை வீட்டுச் சட்டியில் புரட்டும் முறை

'சோயா சாஸ் விட்டுப் புரட்டியது' என்பதே 'பட் சீ இயூ' என்னும் பெயரின் பொருள். 'பட்' தாய்லாந்துச் சொல். 'சீ இயூ' என்பது தெற்குச் சீனத்திலிருந்து பாங்காக்குக்குக் குடிவந்த தியோச்சு மக்கள் தம்முடன் கொண்டுவந்த சொல். தாய்லாந்தில் நூடுல்ஸைப் பொதுவாகக் குறிக்கும் 'குவெய்தியாவ்' என்ற பெயரும் அவர்களிடமிருந்து வந்ததே; மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழர்கள் அன்றாடம் சொல்லும் 'குவே தியாவ்' அதே சொல்லின் இன்னொரு வடிவம். இரண்டு விரல் அகலமுள்ள மெல்லிய அரிசி நூடுல்ஸ், சீனக் கீரை, முட்டை, இறைச்சி ஆகியவற்றைத் தகிக்கும் இரும்புச் சட்டியில் புரட்டி, அங்கங்கே கருகிய விளிம்புகளோடு தட்டில் இடுவது இந்த உணவு. தாய்லாந்தின் இன்னொரு நூடுல்ஸ் உணவான பட் தாயில் வரும் புளியோ வேர்க்கடலையோ இதில் கிடையாது. காரமும் சட்டிக்குள் சேராது. உப்பும் இனிப்பும் புகைவாசனையும் மட்டுமே இதன் சுவை.

சீனக் குடியிருப்புகளின் உணவாக இருந்த நூடுல்ஸ் தாய்லாந்து முழுவதற்கும் பொதுவாகியதில் அரசுக்கும் பங்கு உண்டு. 1938 முதல் 1944 வரை பிரதமராக இருந்த பிபுன்சொங்க்ராமின் ஆட்சி, நூடுல்ஸ் உண்ணும்படியும் விற்கும்படியும் மக்களைத் தூண்டியது. ஆனாலும் இன்றுவரை தெருக்கடைகளில் பட் சீ இயூ பெரும்பாலும் பன்றியிறைச்சியோடுதான் வருகிறது. தாய்லாந்துச் சீனர்களில் குவான் இம் தேவியை வழிபடுவோர் பலர் மாட்டிறைச்சி உண்பதில்லை என்பதால், சில கடைகளில் அது அறவே இருக்காது. மாட்டிறைச்சிதான் வேண்டுமென்றால் 'நுவா' என்ற சொல்லைச் சேர்த்துக் கேட்க வேண்டும். கறுப்பு சோயாவின் வெல்லப்பாகு போன்ற கனத்த சுவைக்கு மாட்டிறைச்சியே பொருத்தம் என்பது என் முடிவு. இந்த வழிகாட்டி அதற்கானது.

முதன்முறை இதைச் செய்தபோது, வீட்டில் நால்வருக்கும் சேர்த்து ஒரு கிலோ நூடுல்ஸை ஒரே சட்டியில் கொட்டினேன். சாஸ் அளவெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஐந்தாம் நிமிடத்தில் கரண்டியோடு ஒட்டிக்கொண்டு வந்தது பழுப்பு நிறக் களி. இறைச்சி தன் சாற்றிலேயே வெந்து சாம்பல் நிறமாகியிருந்தது. எல்லோரும் சாப்பிட்டு முடித்தார்கள், மறுபடியும் செய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்றைய தவறு முழுவதும் சூட்டிலும் ஈரத்திலும் இருந்தது. சட்டி தாங்கக்கூடிய அளவுக்கு மேல் எதைப் போட்டாலும் வறுபடுவது நின்று அவிவது தொடங்கிவிடுகிறது. ஆகவே கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் சட்டிக்குள் ஈரத்தைக் குறைத்துச் சூட்டைக் காப்பதற்கே என்று நினைத்துக்கொண்டால், அளவுகளை மறந்தாலும் உணவு கெடாது.

இருவருக்கு வேண்டியவை

நூடுல்ஸ்: புதிய அகல அரிசி நூடுல்ஸ் 450 கிராம்.

இறைச்சிக்கு: எலும்பில்லாத மாட்டிறைச்சி 220 கிராம், ஆப்ப சோடா கால் தேக்கரண்டி, சாதாரண சோயா சாஸ் 2 தேக்கரண்டி, சர்க்கரை அரைத் தேக்கரண்டி, மரவள்ளி மாவு அல்லது சோள மாவு 1 தேக்கரண்டி, எண்ணெய் 2 தேக்கரண்டி.

சாஸுக்கு: ஆய்ஸ்டர் சாஸ் 2 மேசைக்கரண்டி, சாதாரண சோயா சாஸ் 1 மேசைக்கரண்டி, கறுப்பு சோயா சாஸ் 2 தேக்கரண்டி, மீன் சாஸ் 2 தேக்கரண்டி, சர்க்கரை 2 தேக்கரண்டி, வெள்ளை மிளகுத்தூள் கால் தேக்கரண்டி.

மற்றவை: சீனக் கீரை 200 கிராம், முட்டை 2, பூண்டு 5 பல், மணமில்லாத எண்ணெய் 4 மேசைக்கரண்டி.

நூடுல்ஸ்

தாய்லாந்தில் இந்த அகல நூடுல்ஸுக்கு 'சென் யாய்', அதாவது பெரிய இழை என்று பெயர். அரிசி மாவையும் மரவள்ளி மாவையும் நீராகக் கரைத்து, தட்டில் மெல்லியதாக ஊற்றி, ஆவியில் வேகவைத்து உரித்தெடுத்த ஏடுகளையே இப்படி நறுக்கி விற்கிறார்கள். நம் வீடுகளில் இலை வடாம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் தோன்றாது. உலர்த்துவதற்கு முன், ஆவி பறக்க உரித்து, நல்லெண்ணெய் தடவிப் பிள்ளைகள் கையில் கொடுக்கும் அந்த ஈர வடாமுக்கும் சென் யாய்க்கும் பக்குவத்தில் பெரிய தூரம் இல்லை.

கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்கள் ஈரச் சந்தையில் அன்று காலை செய்த நூடுல்ஸை வாங்கிவிடலாம். வாங்கியதைக் குளிர்பெட்டியில் வைக்காமல் அன்றே பயன்படுத்துவது நல்லது. குளிரில் அரிசியின் மாவுச்சத்து மீண்டும் இறுகுவதால், பழைய சோறு விறைப்பதைப் போல நூடுல்ஸும் விறைத்து, பிரிக்கும்போது துண்டு துண்டாக உடையும். வெளியே நாள்கணக்கில் வைப்பதும் ஆகாது. ஈரமான அரிசிப் பண்டம் எளிதில் கெடும், அதைச் சூடுபடுத்தினாலும் உண்டான நஞ்சு போகாது. குளிர்பெட்டியில் இருந்ததுதான் கிடைத்தது என்றால், இட்லிக் கொப்பரையில் இரண்டு மூன்று நிமிடம் ஆவி காட்டி, சூடாக இருக்கும்போதே ஒவ்வொரு ஏடாகப் பிரித்துக்கொள்ளலாம். பிரிப்பதற்குச் சோம்பக் கூடாது. சட்டிக்குள் தானாகப் பிரிந்துவிடும் என்று நம்பிப் போட்ட கட்டி, கட்டியாகவேதான் வெளியே வரும்.

வீட்டில் செய்வதாக இருந்தால், 150 கிராம் பச்சரிசி மாவு, 40 கிராம் மரவள்ளி மாவு, கால் தேக்கரண்டி உப்பு, 1 மேசைக்கரண்டி எண்ணெய் ஆகியவற்றை 400 மில்லி நீரில் கட்டியின்றிக் கரைத்து, அரை மணி நேரம் வைக்க வேண்டும். இங்கே பலர் சறுக்குவது மாவுத் தேர்வில். கடையில் 'இடியாப்ப மாவு' என்று வாங்குவது பெரும்பாலும் வறுத்த மாவு. அதில் செய்த ஏடு வளையாமல் உதிரும். வறுக்காத, நைசான பச்சரிசி மாவே வேண்டும். மரவள்ளி மாவு நூடுல்ஸுக்கு இழுவையைத் தருகிறது, அதை விட்டுவிட்டால் புரட்டும்போது அறுந்துபோகும். சேலம் பக்கத்தில் ஜவ்வரிசி செய்யும் அதே கிழங்கின் மாவுதான் இது.

20 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள அடிதட்டையான தட்டில் எண்ணெய் தடவி, ஆவி நன்றாக வந்த கொப்பரைக்குள் ஒரு நிமிடம் சூடேற்றிய பின், ஏறத்தாழ 60 மில்லி மாவை ஊற்றிச் சுற்றிப் பரப்ப வேண்டும். மாவு அடியில் படியும் இயல்புடையது. ஒவ்வொரு முறையும் அடிவரை கலக்கிய பிறகே கரண்டியில் எடுக்க வேண்டும், இல்லையெனில் முதல் ஏடு நீராகவும் கடைசி ஏடு பசையாகவும் அமையும். மூடிவைத்து மூன்று நான்கு நிமிடத்தில் ஏடு கண்ணாடி போலத் தெளிந்து நடுவில் குமிழ்விடும். தட்டை வெளியே எடுத்து, குளிர்ந்த நீர் நிறைந்த தாம்பாளத்தின் மேல் சற்று மிதக்கவிட்டால் எளிதாக உரிந்துவரும். எட்டு ஒன்பது ஏடுகள் கிடைக்கும். ஒவ்வொன்றின் மேலும் எண்ணெய் தடவி அடுக்கி, ஆறிய பின் இரண்டரை சென்டிமீட்டர் அகலத்துக்கு நறுக்கிப் பிரித்துவைக்கலாம்.

உலர்ந்த நூடுல்ஸ் மட்டுமே கிடைக்கும் ஊர்களில், கிடைப்பதில் மிக அகலமானதை 200 கிராம் எடுத்து, சாதாரண நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுக்கலாம். கடித்துப் பார்த்தால் நடுவில் சிறிது கெட்டியாக இருக்கும்போதே குளிர்ந்த நீரில் அலசி, வடித்து, எண்ணெய் புரட்டிவிட வேண்டும். வடித்த நூடுல்ஸில் நீர் சொட்டக் கூடாது.

இறைச்சி

மாட்டின் பக்கவயிற்றுத் தசையும் முதுகின் பின்பகுதியும் இதற்கு ஏற்றவை. கறிக்கடையில் 'குழம்புக்கு' என்று கேட்டால் தரும் நரம்புள்ள முன்கால் பகுதி வேண்டாம். அதற்கு ஒரு மணி நேர வேக்காடு வேண்டும், இங்கே கிடைப்பதோ ஒரு நிமிடம். இறைச்சியை முக்கால் மணி நேரம் உறைபெட்டியில் வைத்து, பாதி இறுகிய நிலையில் நறுக்கினால் 3 மில்லிமீட்டர் பருமனில் ஒரே சீராக வரும். நறுக்குவதற்கு முன் தசைநார்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று பார்த்து, அவற்றைக் குறுக்கே வெட்ட வேண்டும். நீளநார் வாயில் சவ்வாக இழுக்கும். குறுக்கே வெட்டுப்பட்ட குறுநார் பல்லுக்கு எதிர்ப்புக் காட்டாது. எவ்வளவு விலைகொடுத்து வாங்கிய இறைச்சியும் இந்த ஒரு வெட்டில் வீணாகிவிடக் கூடும்.

நறுக்கிய துண்டுகளில் ஆப்ப சோடாவை ஒரு மேசைக்கரண்டி நீரில் கரைத்துப் பிசறி, 20 நிமிடம் வைக்கலாம். சோடா இறைச்சியின் மேற்பரப்பைக் காரத்தன்மை உடையதாக்குவதால், சூடு பட்டதும் புரதங்கள் இறுக்கமாகப் பின்னிக்கொள்வது குறைந்து, சாறு உள்ளேயே நிற்கிறது. சீனச் சமையற்கூடங்களின் வழக்கமான உத்தி இது. எருமை இறைச்சியானால் இதைத் தவிர்க்கவே கூடாது. நேரம் மிகுந்தாலோ அளவு கூடினாலோ இறைச்சி வழவழத்து, வாயில் சோப்பு வாசனை தட்டும். ஆகவே நேரம் முடிந்ததும் ஒரு முறை நீரில் அலசி, துணியிலோ காகிதத்திலோ ஒற்றி ஈரத்தை முழுக்க எடுத்துவிட வேண்டும். பிறகு சோயா சாஸ், சர்க்கரை, மாவு சேர்த்துப் பிசைந்து, கடைசியில் எண்ணெய் விட்டுக் கலந்து இன்னும் 20 நிமிடம் ஊறவிடலாம். மாவு ஒரு மெல்லிய மேலாடையாக அமைந்து சாற்றைக் காக்கும். எண்ணெய், துண்டுகள் சட்டியில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும்.

கீரையும் சாஸும்

தாய்லாந்தில் 'கனா' என்றும், மலேசியா சிங்கப்பூர்ச் சந்தைகளில் 'காய்லான்' என்றும் வழங்கும் சீனக் கீரை, முட்டைக்கோசு இனத்தைச் சேர்ந்தது. தடித்த தண்டும் மெல்லிய கசப்பும் அதன் சிறப்பு. சாஸின் இனிப்பைச் சமன்செய்வது அந்தக் கசப்புதான். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ அது கிடைக்காதபோது பலர் பசலைக்கீரையைப் போடுகிறார்கள். அது நீர்விட்டுக் குழைந்து, நூடுல்ஸையும் குழைத்துவிடும். நூல்கோலின் இளம் இலைகளோ, காலிஃபிளவரைச் சுற்றியிருக்கும் இளம் இலைகளோ இதைவிடப் பன்மடங்கு பொருந்தும். இரண்டும் சீனக் கீரையின் உடன்பிறப்புகள். பெரும்பாலும் குப்பைக்குப் போகிறவை. தண்டைச் சாய்வாக மெல்லியதாகவும் இலையை இரண்டு அங்குலத் துண்டுகளாகவும் நறுக்கித் தனித்தனியே வைத்துக்கொள்ள வேண்டும். கழுவிய நீர் வடிவதற்காக நறுக்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கழுவிவிடுவது நல்லது.

சாஸ்களில் குழப்பம் தருவது கறுப்பு சோயா. சாதாரண சோயா சாஸ் உப்புக்கு. தாய்லாந்தின் 'சீ இயூ டாம்' என்னும் கறுப்பு சோயா நிறத்துக்கும் வெல்லப்பாகின் மணத்துக்கும். கரண்டியைச் சாய்த்தால் தேன் போல மெதுவாக வழிய வேண்டும். நீராக ஓடும் கறுப்பு சோயா கிடைத்தால் அதில் உப்பு அதிகம் இருக்கும். அப்போது சாதாரண சோயாவைப் பாதியாகக் குறைத்து, அரைத் தேக்கரண்டி கெட்டி வெல்லப்பாகு சேர்த்துக்கொள்ளலாம். கருப்பட்டி வேண்டாம், அதன் மணம் மற்றெல்லாவற்றையும் அமுக்கிவிடும். இந்தோனேசியாவின் 'கெச்சாப் மானிஸ்' மட்டும் கையிலிருந்தால் சர்க்கரையை விட்டுவிட வேண்டும். மிளகுத்தூள் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் சர்க்கரை கரையக் கலந்து, இரண்டாகப் பிரித்துவைக்கலாம். அடுப்பு பற்றிய பிறகு பாட்டில் மூடி திறக்க நேரம் இருக்காது.

சட்டி

தமிழில் இந்தப் பாத்திரத்தின் பெயரே 'சீனச்சட்டி' என்பதால் தனியாக அறிமுகம் தேவையில்லை. மலேசியத் தமிழர்கள் 'குவாலி' என்பார்கள், ஈழத்தில் 'தாச்சி'. எந்தப் பெயராயினும் இரும்பாக இருக்க வேண்டும், நன்றாகப் பழகியதாக இருக்க வேண்டும். நான்ஸ்டிக் பூச்சு இவ்வளவு சூட்டைத் தாங்காது. குழிந்த சட்டி வீட்டு அடுப்பில் போதிய சூடு பிடிக்கவில்லை என்றால், கனமான இரும்புத் தோசைக்கல்லையோ அடிதட்டையான இரும்புச் சட்டியையோ எடுப்பதில் குற்றமில்லை; அகன்ற அடிப்பரப்பு நூடுல்ஸைக் கருக்க உண்மையில் வசதியானது. தெருக்கடை அடுப்பின் தீ வீட்டு அடுப்பைப் போலப் பல மடங்கு என்பதால், அந்தக் கடைக்காரர் இரண்டு நிமிடத்தில் செய்வதை நாம் ஐந்து நிமிடத்தில், அளவைக் குறைத்துச் செய்கிறோம். கிளறத் தோசைத் திருப்பியே போதும்.

அடுப்பில்

ஒரு நேரத்தில் ஒருவருக்கான அளவு மட்டும். இந்த விதியை மட்டும் எனக்காகக் கடைப்பிடியுங்கள்.

சட்டியை உச்சத் தீயில் வைத்து, மெல்லிய புகை எழும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு சொட்டு நீர் விட்டால் அது சீறி மறையாமல் பாதரசம் போல உருண்டு ஓடுவது சரியான பக்குவம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டுச் சுழற்றி, இறைச்சியில் பாதியை ஒரே அடுக்காகப் பரப்பிவிட்டு, அரை நிமிடம் தொடாமல் விட வேண்டும். அடிப்பக்கம் பழுப்பேறியதும் புரட்டி, இன்னும் சில நொடிகள். முக்கால் வேக்காட்டில், ஆங்காங்கே செம்மை தெரியும்போதே தட்டுக்கு மாற்றிவிடலாம். மீதி வேக்காட்டை நூடுல்ஸோடு சேரும்போது பெற்றுக்கொள்ளும். சட்டியில் கருகல் ஒட்டியிருந்தால் துடைத்துவிடுவது நல்லது.

மறுபடியும் புகை எழுந்ததும் இன்னொரு மேசைக்கரண்டி எண்ணெயில், நசுக்கி நறுக்கிய பூண்டில் பாதியைப் போட்டுப் பத்து நொடி வதக்கி, உடனே ஒரு முட்டையை உடைத்து ஊற்ற வேண்டும். முட்டை முழுதும் இறுகும் முன், பாதி நீர்மையாக இருக்கும்போதே நூடுல்ஸில் பாதியை அதன் மேல் போட்டு, கீரைத் தண்டுகளையும் சேர்த்து இரண்டு முறை அடியிலிருந்து அள்ளிப் புரட்டலாம். இழைகளின் மேல் அங்கங்கே முட்டை படலமாக ஒட்டிக்கொள்வது இந்த நேரத்தில்தான்.

இப்போது சாஸை நூடுல்ஸின் மேல் கொட்டாமல், சட்டியின் சூடான ஓரத்தைச் சுற்றி ஊற்ற வேண்டும். உலோகத்தைத் தொட்டதும் சாஸ் பொங்கி, அதிலுள்ள சர்க்கரை கருகத் தொடங்கி, மூக்கில் ஏறும் ஒரு வாசனை கிளம்பும். தாய்லாந்துக்காரர்கள் 'கிளின் கரத்தா', அதாவது சட்டி வாசனை என்று சொல்வது இதைத்தான். நிறம் எல்லா இழைகளிலும் பரவும்வரை விரைவாகப் புரட்டிவிட்டு, நூடுல்ஸைச் சட்டியில் தட்டையாகப் பரப்பி, கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இருபது முப்பது நொடி. கிளறிக்கொண்டே இருக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு இதுவே கடினமான படி. முதலில் ஈரம் சீறும் ஓசை கேட்கும். அது மெல்ல அடங்கி, படபடவென்று பொரியும் ஓசையாக மாறும். அந்த மாற்றத்தைக் கேட்டதும் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால், தோசையின் அடியில் காண்பதைப் போலப் பழுப்பும் கறுப்புமாகத் திட்டுகள் தெரியும். புரட்டிப்போட்டு, மறுபக்கத்துக்கும் அதே அளவு நேரம் தரலாம். ஒட்டிப்பிடித்தால் நீர் தெளிக்காமல் ஓரமாகச் சிறிது எண்ணெய் விட வேண்டும்.

கடைசியாகக் கீரை இலைகளும், தட்டில் இறங்கிய சாற்றை வடித்துவிட்ட இறைச்சியும். இலை சுருங்கிப் பச்சை ஆழ்ந்ததும் அடுப்பை அணைத்து, வெள்ளை மிளகுத்தூள் தூவித் தட்டில் எடுத்துவிடலாம். சட்டியைக் கழுவாமல் துடைத்து, மீண்டும் புகையவிட்டு இரண்டாம் தட்டைத் தொடங்கலாம். இரண்டாவது எப்போதும் முதலாவதைவிட நன்றாக வருகிறது. ஆகவே முதல் தட்டைச் சமைப்பவர் வைத்துக்கொள்வது என் வீட்டு வழக்கம்.

மேசையில்

வெறுமனே உண்டால் பாதித் தட்டில் இனிப்புத் திகட்டும். தாய்லாந்தின் நூடுல்ஸ் கடை மேசைகளில் சர்க்கரை, வறுத்த மிளகாய்த்தூள், மிளகாய் போட்ட மீன் சாஸ், மிளகாய் ஊறிய வினிகர் என்று நான்கு கிண்ணங்கள் ஒரு தாங்கியில் இருப்பது இதனால்தான். இவற்றில் பட் சீ இயூவுக்கு இன்றியமையாதது 'பிரிக் நாம் சொம்' என்னும் மிளகாய் வினிகர். காரம் குறைந்த பச்சை மிளகாயும் சிவப்பு மிளகாயுமாக நான்கை வட்டமாக நறுக்கி, 100 மில்லி வெள்ளை வினிகரில் ஒரு சிட்டிகை உப்புடன் அரை மணி நேரம் ஊறவைத்தால் போதும். எலுமிச்சை பிழிவதை இதற்கு ஈடாகச் சொல்வார்கள். அதன் மணம் சோயாவோடு ஒட்டாமல் தனித்து நிற்பதாக எனக்குத் தோன்றுகிறது. முதல் வாயைச் சும்மா சாப்பிட்டுச் சட்டி வாசனை ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டாம் வாயிலிருந்து அந்த வினிகரை ஒரு கரண்டி, இரண்டு மிளகாய் வட்டங்களோடு, மேலே தெளித்துக்கொள்ளலாம்.